முன்பெட்டி இரண்டும் முதலில்

காங்கேயத்தில் என் வயதுக்காரர்கள் முதலில் கேட்ட பெரிய சத்தம் குழாய் ஸ்பீக்கர்தான். சிவன்மலைத் தேர் ஆனாலும் கல்யாண வீடு ஆனாலும், நாலு தென்னையில் நாலு குழாய் கட்டியிருந்தாலும், எல்லாவற்றிலும் வருவது ஒரே ஒலி. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அப்படி இடது வலது என்று பிரிந்த பாட்டு எங்கள் ஊர் வீடுகளுக்குள் வந்தது கேசட் காலத்தில்தான். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாட்டு என்று 1978-இல் வந்த 'பிரியா'வைச் சொல்வார்கள். இளையராஜா இசையில் ஜேசுதாஸ் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே, பெட்டியே இல்லாத இடத்தில் நிற்கும். அதைக் கேட்டுத்தான் நான் பாட்டு செட்டு கட்டும் தொழிலுக்கு வந்தேன்.

ஜப்பான் செட்டு வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் அசெம்பிள் செட்டு. சான்யோ கம்பெனியின் எஸ்.டி.கே. 4141 ஐ.சி., பக்கத்துக்கு 25 வாட். பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும், டிரான்ஸ்பார்மரைக் கோவையில் சுற்றி வாங்குவோம், பெட்டியை உள்ளூர் ஆசாரி பிளைவுட்டில் அடித்துக் கொடுப்பார். தேங்காய்க் களம் வைத்திருப்பவர்களும் அரிசி ஆலைக்காரர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்கள் கேட்டதெல்லாம் பாட்டுக்கான செட்டு.

சுற்றிலும் ஒலிக்கும் சரவுண்டு வந்த வழி வேறு. இந்தியாவில் டால்பி ஒலியோடு வந்த முதல் படம் என்று பேசப்படும் 'குருதிப்புனல்' 1995-இல் வெளியானது. அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அடுத்த ஆண்டு 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியில் வந்தது. ஸ்டீரியோவைப் பாட்டு கொண்டுவந்தது, சரவுண்டைப் படம் கொண்டுவந்தது. ஒரே செட்டில் இரண்டையும் கேட்கும்போது வரும் சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

"ஏனுங்கண்ணா, தியேட்டர்ல முதுகுப் பக்கம் சத்தம் வருதுங்க, அதே மாதிரி வூட்லயும் செஞ்சு குடுங்க" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் நாங்கள் செய்தது அமெரிக்க எஞ்சினியர் டேவிட் ஹாஃப்லர் 1970 வாக்கில் பரப்பிய இணைப்பு. இடது பிளஸ்ஸுக்கும் வலது பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஸ்பீக்கரைப் போட்டுப் பின்னால் வைத்தால், இரண்டு பக்கமும் சமமாக வரும் குரல் அடிபட்டுப்போய், எதிரொலியும் ஓரத்து வாத்தியமும் மட்டும் கேட்கும். இதற்குத் தனி ஆம்ப் தேவையில்லை. ஆனால் பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்ப்ளிஃபயரில் இதைச் செய்யக் கூடாது, ஐ.சி. போய்விடும்.

அதன்பின் சரவுண்டு பிரிக்கும் புரோலாஜிக் போர்டு வந்தது. இரண்டு பக்கமும் சமமாக வருவதை எடுத்து நடுப்பெட்டிக்கு அனுப்புவது அதன் வேலை. படத்தில் வசனத்துக்கு அது நல்லது. பாட்டில் சமமாக வருவது பாடுகிறவர் குரல். பெரிய பெட்டிகளுக்கு நடுவே நின்ற குரலைப் பிடுங்கி நாலங்குல ஸ்பீக்கருக்குள் தள்ளினால் என்ன ஆகும்? எஸ்.பி.பி.யின் அடிக்குரல் காணாமல் போகும். டிவிடியோடு வந்த மலிவு 5.1 செட்டுகள் இன்னும் மோசம். கையகலப் பெட்டி ஐந்தும் ஒரு சப்வூஃபரும். கீழ்ச்சத்தம் முழுக்க சப்பில், மேல்ச்சத்தம் சின்னப் பெட்டியில், இடையில் தவிலுக்கும் தபேலாவுக்கும் இடமே இல்லை. ஒரு தலைமுறை இதைத்தான் நல்ல சத்தம் என்று பழகிக்கொண்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

நான் கட்டிய செட்டுகளில் முன்பக்கம் ஒரு சுவிட்ச் வைத்தேன். இந்தப் பக்கம் தள்ளினால் போர்டு வழியாக 5.1. அந்தப் பக்கம் தள்ளினால் போர்டைத் தொடாமல் பாட்டு நேராகப் பெரிய பெட்டி இரண்டுக்கும் போய்விடும். இன்றைய ஏ.வி. ரிசீவர்களில் 'டைரக்ட்' என்று இருக்கும் பொத்தானும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. வேறு ஆம்புக்குச் சிக்னல் எடுக்கும் பிரீ அவுட் இருக்கும் ரிசீவர் என்றால், முன்பெட்டிகளுக்கு மட்டும் ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்பைத் தனியாகச் சேர்க்கலாம்.

புதிதாகச் செட்டு போடுகிறவர்கள் பணத்தில் பெரும்பகுதியை முன்பெட்டி இரண்டுக்கும் செலவழியுங்கள். நடுப்பெட்டி அதே வரிசையில், அதே கம்பெனியில் இருக்கட்டும். படத்தில் பின்பெட்டிகளுக்கு எப்போதாவதுதான் பெரிய வேலை, அவற்றை அடுத்த வருஷம்கூட வாங்கிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைக் கொண்டுபோய், சப்பை நிறுத்திவிட்டு, இரண்டே பெட்டியில் போடச் சொல்லிக் கேளுங்கள். குரல் நடுவில் நிற்கவில்லை என்றால் அந்தச் செட்டை வாங்காதீர்கள்.