கொல்கத்தாவைத் தொடங்கியவர் யார்? ஹூக்ளிக் கரையில் ஒரு நாள் நடை



வெளியூர் போனால் ஒரு காரைப் பிடித்து, ஐந்தாறு இடங்களை அவசரமாகப் பார்த்து, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் ஒரு நாளையாவது அப்படிச் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஹவுரா பாலத்திலிருந்து தெற்கே பிரின்செப் படித்துறை வரை ஹூக்ளி ஆற்றை ஒட்டி நடந்து பாருங்கள். நடுவில் ஊருக்குள் போய்வரும் தூரத்தையும் சேர்த்தால் ஆறேழு கிலோமீட்டர் வரும். டிசம்பர், ஜனவரியில் வெயில் உறுத்தாது. உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தால் நம் வயதுக்காரர்களாலும் முடியும்.

நடக்கும்போது மனதில் ஒரு கேள்வி இருக்கட்டும். இந்த ஊரைத் தொடங்கியது யார்? நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பதில் ஒரே வரி: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக், 1690 ஆகஸ்ட் 24. அந்த ஒரு வரி போதுமா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம்.

காலை: பாலம், பூச்சந்தை, படித்துறை

ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பாலம் எதிரே நிற்கும். 1943 பிப்ரவரியில், உலகப் போரின் நடுவில் திறக்கப்பட்டது. சுமார் 26,500 டன் எஃகு. நட்டு, போல்ட் இல்லாமல் முழுவதும் ரிவெட் அடித்துச் சேர்த்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இதற்கு முன் 1874 முதல் இங்கே இருந்தது மிதவைகளின் மேல் கட்டிய பாலம். பாலத்தின் மேல் நின்று படம் எடுத்தால் போலீசார் ஆட்சேபிப்பதுண்டு. நடந்து கடந்து, கீழே இறங்கி எடுங்கள். படமும் அங்கிருந்துதான் நன்றாக விழும்.

இறங்கும் இடத்திலேயே மல்லிக் காட் பூச்சந்தை. படித்துறையை வங்காளிகள் 'காட்' என்பார்கள். சாமந்தி மாலைகளைப் பாம்பு சுற்றியது போலச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதிகாலையில் போனால் வியாபாரம் சூடாக இருக்கும். வழியில் நிற்காமல் ஓரமாக நின்று படம் எடுங்கள். பூக்களை எடுத்து முடித்ததும் படித்துறைக் கட்டிடத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1855-இல் மல்லிக் குடும்பத்தார் கட்டியது அது. கொல்கத்தாவின் படித்துறைகளில் பல இப்படித்தான், காலமான அப்பா, நண்பர் நினைவாகப் பிறர் கட்டிக் கொடுத்தவை. ஆங்காங்கே கல்வெட்டுகளும் உண்டு.

சற்றுத் தெற்கே ஆர்மீனியன் காட். 1734-இல் ஓர் ஆர்மீனிய வணிகர் கட்டியது. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளி ஊருக்கு முதல் ரயில் ஓடியபோது ஆற்றின் மேல் பாலமே இல்லை. ரயில் டிக்கெட்டை இந்தக் கரையில் வாங்கிக்கொண்டு, படகில் அக்கரை போய்த்தான் ரயிலேற வேண்டும். இன்றோ 2024 மார்ச் முதல் மெட்ரோ ரயில் அதே ஆற்றுக்கு அடியில் ஓடுகிறது. ஆற்றைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

இங்கிருந்து ஊருக்குள் திரும்பினால் படாபஜார். கைவண்டி, மூட்டை, சத்தம், நெரிசல். அதன் நடுவே ஒரு சந்தில் 1724-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. கேட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடும். முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள். அவற்றில் ரேசாபீபே என்ற பெண்மணியின் கல்லைத் தேடிப் பாருங்கள். அதிலுள்ள ஆண்டை 1630 என்று படிக்கிறார்கள். அதன்படி பார்த்தால் சார்னாக் வருவதற்கு அறுபது ஆண்டு முன்பே இந்த அம்மாள் இங்கே காலமாகிவிட்டார். ஊரே இல்லாத இடத்தில் ஒரு வணிகர் குடும்பம் எப்படி இருந்திருக்கும்?

நண்பகல்: குமாஸ்தாக்களின் சதுக்கம்

ஸ்ட்ராண்ட் ரோடு வழியாகத் தெற்கே வாருங்கள். கரையை மேடாக்கி இந்தச் சாலையைப் போட்டது 1820-களில். பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? லாட்டரி. 1817-இல் அமைந்த லாட்டரி கமிட்டி, சீட்டு விற்ற பணத்தில் சாலையும் குளமும் அமைத்தது. அன்று டல்ஹௌசி சதுக்கமாக இருந்து இன்று பி.பா.தீ. பாக் ஆகிவிட்ட இடத்தில் இருக்கும் பெரிய தபால் நிலையம், 1868-இல் பழைய வில்லியம் கோட்டை இருந்த மனையில் எழுந்தது. கோட்டைச் சுவர் ஓடிய இடத்தைப் படிக்கட்டில் ஒரு பித்தளைக் கோடு காட்டுகிறது. ஒரு காலத்தில் கோட்டையை ஒட்டியே ஆறு இருந்தது. இப்போது நீங்கள் ஆற்றைப் பார்க்கச் சிறிது தூரம் நடக்க வேண்டும். அந்தக் கோட்டையும் ஆற்றின் அந்தப் பழைய கரையும் போய்விட்டன, கோடு மட்டும் இருக்கிறது.

சதுக்கத்தின் வடக்கே நீளமாகச் சிவப்பு நிறத்தில் ரைட்டர்ஸ் பில்டிங். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, கம்பெனியின் இளநிலைக் குமாஸ்தா. அவர்களுக்காக 1777-இல் கட்டத் தொடங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதியவன் என்ற முறையில், குமாஸ்தாவின் பெயரில் இவ்வளவு பெரிய கட்டிடம் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1930 டிசம்பர் 8 அன்று பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்கள் உள்ளே புகுந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டார்கள். சதுக்கத்தின் இன்றைய பெயரில் உள்ள மூன்று எழுத்தும் அவர்களுடையவை.

வங்கிக்காரர்களுக்கு இந்தப் பகுதி தாய்வீடு. 1806-இல் பேங்க் ஆஃப் கல்கத்தா, 1809-இல் பேங்க் ஆஃப் பெங்கால், 1921-இல் பம்பாய், மதராஸ் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் பேங்க், 1955-இல் ஸ்டேட் பேங்க். சதுக்கத்தின் தென்கிழக்கில் உள்ள கரன்சி பில்டிங், 1868 முதல் அரசு காகித நோட்டு வெளியிட்ட அலுவலகம். 1990-களில் அதை இடிக்கத் தொடங்கி, நடுக்கூடத்தின் குவிமாடங்கள் போன பிறகுதான் எதிர்ப்பால் நிறுத்தினார்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், கூரை இருந்த இடத்தில் வானம் தெரியும். அதைக் கட்டாயம் படம் எடுங்கள்.

பிற்பகல்: பல்லாவரத்துக் கல்

அங்கிருந்து பத்து நிமிட நடையில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். தோட்டத்தின் ஓரத்தில் எண்கோண மண்டபம் ஒன்று. ஜாப் சார்னாக்கின் சமாதி. மருமகன் சார்லஸ் ஐயர் கட்டியது. உள்ளே இருக்கும் கருத்த கல்லைத் தொட்டுப் பாருங்கள். அது நம் பல்லாவரத்துக் கல்! வங்காளம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண். அங்கே கல் கிடைக்காது. அதனால் மதராஸிலிருந்து கப்பலில் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட் இந்தச் சமாதியை வைத்தே அந்தப் பாறை வகைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். மின்சார ரயிலில் பல்லாவரம் தாண்டும்போது ஜன்னல் வழியே தெரிகிற மலையின் பாறை வகைக்குப் பெயர், கொல்கத்தாவில் ஒரு கல்லறையிலிருந்து வந்தது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1690-இல் சார்னாக் வந்திறங்கிய இடம் சுதானுட்டி. அந்தப் பெயருக்கே நூல் கண்டு என்று பொருள். சேட், பசாக் என்ற நெசவு வணிகக் குடும்பங்கள் ஏற்கெனவே இந்தக் கரையில் இருந்தன. பக்கத்துக் கிராமமான கலிகாதாவின் பெயர் அக்பர் காலத்து 'அயினி அக்பரி'யிலேயே இருக்கிறது. சுதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் ஆகிய மூன்று கிராமங்களின் ஜமீன் உரிமையைச் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்திடமிருந்து கம்பெனி 1,300 ரூபாய்க்கு வாங்கியது 1698 நவம்பரில். அப்போது சார்னாக் இந்தச் சமாதிக்குள் போய் ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது.

அதே குடும்பத்தின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். 2003 மே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்ன முடிவு: இந்த ஊருக்கு நிறுவனர் என்று ஒருவர் இல்லை, பிறந்தநாள் என்று ஒரு நாளும் இல்லை. கணக்கு மொழியில் சொன்னால், சார்னாக் ஒரு பெரிய வரவு, ஆனால் கணக்கு அவருக்கு முன்பே திறந்திருந்தது. ஆகஸ்ட் 22-இல் சென்னை தினம் கொண்டாடும் நமக்கும் இது பொருந்தும். கம்பெனிக்கு 1639-இல் மனை கிடைத்தபோது மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் பல நூறு வயது.

மாலை: காணாமல் போன கிராமம்

பாபு காட்டுக்கு வந்து மறுபடி ஆற்றைப் பிடியுங்கள். ராணி ராஷ்மோணியின் கணவர் பாபு ராஜ்சந்திர தாஸின் செலவில் 1830-இல் கட்டியது. அங்கிருந்து தெற்கே நடந்தால், வெயில் தாழும் நேரத்துக்குப் பிரின்செப் காட் வந்துவிடும். 1843-இல் எழுந்த வெள்ளைத் தூண் மண்டபம், பின்னால் 1992-இல் திறந்த வித்யாசாகர் சேது. எல்லோரும் எடுக்கும் படம் இது, நீங்களும் எடுங்கள். ஜேம்ஸ் பிரின்செப் நாணயச் சாலையில் உலோகத் தரம் பார்த்த அதிகாரி. 1837-ஐ ஒட்டிப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர் அவர்தான். கீழடிப் பானை ஓட்டில் உள்ள பெயரை இன்று நாம் படிப்பதற்கு அந்தத் திறவுகோல் முதல் உதவி. நாற்பது வயதில் காலமாகிவிட்டார்.

மண்டபத்தில் உட்கார்ந்து இளைப்பாறும்போது வடக்கே திரும்பிப் பாருங்கள். நீங்கள் நடந்து வந்த வழியில் இடது கைப் பக்கம் இருந்தது புதிய வில்லியம் கோட்டையும் மைதானமும். அந்த இடத்தில்தான் கோவிந்தபூர் இருந்தது. பிளாசிப் போருக்குப் பிறகு 1758-இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது கிராமத்தையே காலி செய்தார்கள். குடியிருந்தவர்கள் வடக்கே போனார்கள். சார்னாக்குக்குச் சமாதி இருக்கிறது, பிரின்செப்புக்கு மண்டபம் இருக்கிறது. கோவிந்தபூருக்குப் படம் எடுக்க ஒன்றுமில்லை. பத்திரத்தில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். வீட்டுக் கடனுக்காக வங்கியில் கொடுத்து வாங்கிய மூலப்பத்திரத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். நம் வளாகம் அப்போது நஞ்சையா புஞ்சையா, கிழக்கே வாய்க்காலா, மேற்கே யாருடைய நிலம், எல்லாம் 'நான்கெல்லை' என்ற பகுதியில் இருக்கும். பெயர்களையும் எல்லைகளையும் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். செக்யூரிட்டி பணியிலும் வீட்டு வேலையிலும் இருப்பவர்களில் இந்தப் பக்கத்திலேயே பிறந்தவர்கள் உண்டு. அவர்களையும் கேளுங்கள். வருவதைத் தொகுத்து அடுத்த காலாண்டு இதழுக்கு நான் எழுதித் தருகிறேன்.