புழற்கோட்டத்தில் ஒரு குளிர்காற்று

தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் புழற்கோட்டமும் ஒன்று என்பதை இப்பக்கங்களின் வாசகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. திருவொற்றியூர்க் கோயிலின் சோழர் கல்வெட்டுகள் அவ்வூரை இக்கோட்டத்துள் வைத்தே பேசுகின்றன. சென்ற வைகாசியில் ஒருநாள், அக்கல்வெட்டுகள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, மணலி, மாதவரம் வழியாகப் புழலுக்கு வந்துகொண்டிருந்தோம். வண்டி, நண்பருடைய தந்தையார் எண்பதுகளில் வாங்கிய அம்பாசடர். தொழிற்சாலையிலிருந்து வரும்போது குளிர்சாதனம் இல்லாத வண்டி அது. பின்னாளில் சென்னைப் பட்டறை ஒன்றில் தனியாக வாங்கிப் பொருத்தியது. முன்பலகைக்குக் கீழே தொங்கும் கறுப்புப் பெட்டியும் அதன் மூன்று காற்றுத் துளைகளும் அந்தக் காலத்து வண்டிகளில் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும்.

மணலியைத் தாண்டியதும் பெட்டியிலிருந்து வந்த குளிர் மெல்ல மெல்ல வெப்பமாயிற்று. புழலில் பெருவடக்கு நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். லாரிகளுக்கும் பழைய கார்களுக்கும் 'கேஸ் ஏற்றும்' இடம். பட்டறைப் பெரியவர் அளவுமானியை எடுத்துவர உள்ளே போனார். அந்த இடைவெளியில், நம்முள் ஒருவர், கேஸ் இருக்கிறதா என்று தாமே பார்த்துவிடும் ஆர்வத்தில், குழாயின் மூடியைக் கழற்றி, டயர் வால்வில் இருப்பது போன்ற ஊசியைத் திருப்புளியால் அழுத்திவிட்டார்! 'புஸ்' என்ற சீறல். வெள்ளை ஆவி. விரல் நுனியில் ஊசி குத்தியது போன்ற குளிர்.

"தம்பி, கைய எடு! அது இன்னா சோடா பாட்டிலா? ஆர்-12 தம்பி அது. போனா வராது."

சில நொடிகள்தாம். ஆனால் 'போனா வராது' என்ற அந்தச் சொல் நம்மைவிட்டு அகலவில்லை. கல்வெட்டைத் தேடிப்போனவர்கள் ஒரு வாயுவின் வரலாற்றைத் தேட நேர்ந்த கதை இது.

இம்மாநகரத்துக்குக் குளிர் முதலில் கப்பலில்தான் வந்தது. பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டியூடர் என்னும் வணிகர், வட அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அவருடைய பனிக்கட்டிக் கிடங்கு 1842ல் எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் அந்த ஐஸ் ஹவுஸை அறியாத சென்னைவாசி இரார். இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் நிறுவனம் 1874ல் சென்னையிலேயே தோன்றியபின் கப்பல் பனிக்கட்டிக்குத் தேவை குறைந்து போயிற்று.

இயந்திரக் குளிரின் நுட்பம் எளியது. ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆவியை அழுத்திப் பிழிந்தால் வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் திரவமாகும். மண்பானை நீர் குளிர்வதில் முதற்பாதி இருக்கிறது. இரண்டாம் பாதிக்குத்தான் இயந்திரம் வேண்டும். ஆனால் எந்தத் திரவம்? தொடக்கத்தில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவற்றைப் பயன்படுத்தினார்கள். அனைத்தும் கசிந்தால் ஆளைத் தாக்குபவை. அம்மோனியா எப்படிப்பட்டது என்பதை 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாய் கசிந்து, மக்கள் வீடுகளை விட்டு ஓடியபோது வடசென்னை கண்கூடாகக் கண்டது. அம்மோனியாவைக் கொண்டு நான்கு பேர் அமரும் சிறு வண்டியைக் குளிர்விக்க யாரும் துணிய மாட்டார்கள்.

அந்தத் துணிவைத் தந்தது 1928ல் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் கண்டுபிடித்த புதிய சேர்மம். எரியாது, மணக்காது, நச்சும் இல்லை. 1930ல் அமெரிக்க வேதியியலார் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை உள்ளிழுத்து, மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அதுதான் ஃப்ரியான், பட்டறை மொழியில் ஆர்-12. கழிகம் 30 பாகை அளவிலேயே கொதித்துவிடும் இந்தத் திரவம் காருக்கென்றே பிறந்தது போலிருந்தது. பெட்ரோலில் ஈயம் கலந்தால் எஞ்சின் தட்டாது என்று கண்டவரும் இதே மிட்ஜ்லிதான் என்பதை இங்கே குறித்துவைப்போம். ஒரே மனிதரின் இரண்டு வெற்றிகளையும் திரும்பப் பெறுவதற்கு உலகம் பல பத்தாண்டுகள் பாடுபட வேண்டியதாயிற்று.

காரில் குளிர்சாதனத்தைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்த முதல் நிறுவனம் அமெரிக்காவின் பேக்கார்டு. ஆண்டு 1939. குளிர்விக்கும் பெட்டி பின்புறச் சாமான் அறையை அடைத்துக்கொண்டது. நிறுத்துவதற்கு வழியே இல்லை! வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, வார்ப்பட்டையைக் கழற்ற வேண்டும். இரண்டே ஆண்டுகளில் பேக்கார்டு அதைக் கைவிட்டது. பின்னாளில், மின்காந்தத்தால் கம்ப்ரஸரைக் கவ்வியும் விட்டும் இயக்கும் கிளட்ச் வந்தபிறகே குளிர் ஓட்டுநரின் சொற்படி நடந்தது.

நம் பகுதிக்கு வருவோம். புழலிலிருந்து கிழக்கே சில கல் தொலைவில் உள்ள எண்ணூரில், 1948ல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டிலிருந்து ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. இன்று லாரிகளுக்குப் பெயர்பெற்ற அசோக் லேலண்டின் முன்பிறப்பு அது. அந்த ஆஸ்டினின் 1200 சிசி எஞ்சினின் வழியில் வந்ததே பின்னாளைய அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின். எண்ணூரும் உத்தரபாராவும் தாயாதிகள் என்று சொன்னால் மிகையில்லை. இந்தப் பிரிட்டிஷ் குடும்பத்து வண்டிகளுக்குக் குளிர்சாதனம் என்பது பொருந்தா மணம். எஞ்சினின் வலு நாற்பது, ஐம்பது குதிரைகளுக்குள் அடக்கம். அதில் சிலவற்றைக் கம்ப்ரஸர் தின்றுவிடும். பழைய வண்டிகளில் மின்சாரம் தரும் டைனமோவோ, வண்டி நின்றபடி உறுமும்போது ஏறத்தாழ ஒன்றுமே தராது. மூலக்கடை சந்திப்பில் கால்மணி நேரம் நின்றால் காற்றாடி பாட்டரியைக் குடித்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சரை வைத்தால் எஞ்சினுக்குப் போகும் காற்றும் சூடேறிவிடும். ஆகவே தனியாக வாங்கிப் பொருத்திய ஒவ்வொரு குளிர்சாதனமும் ஒரு மெக்கானிக்கின் சொந்தக் கணக்கு. எந்த அச்சிட்ட கையேட்டிலும் அந்தக் கணக்கு இல்லை.

இதனிடையே ஆர்-12 தன் மறுமுகத்தைக் காட்டியது. மோலினாவும் ரோலண்டும் 1974ல் எச்சரித்தார்கள். எதனோடும் வினைபுரியாத இந்த வாயு, அந்தக் குணத்தாலேயே அழியாமல் மேலே ஏறி, புற ஊதாக் கதிரில் உடைந்து, குளோரினை விடுவித்து, ஓசோனைத் தின்னும் என்றார்கள். அண்டார்ட்டிகாவின் ஓசோன் துளை 1985ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1987ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை. 1992ல் இந்தியா அதில் இணைந்தது. அப்போது இந்தியாவில் இவ்வகை வாயுக்களைச் செய்தவை நான்கே நிறுவனங்கள். அவற்றுள் ஒன்று நம் மேட்டூரில் ஆலை வைத்திருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். மற்றொன்று எஸ்.ஆர்.எஃப். அதன் வாயு ஆலை இராஜஸ்தானத்தில் இருந்தாலும், நிறுவனம் தொழில் தொடங்கியது நாம் சற்றுமுன் கடந்துவந்த மணலியில், டயருக்கான நைலான் இழையோடுதான். 2003 தொடக்கத்திலிருந்து புதிய வண்டிக் குளிர்சாதனங்களில் இவ்வாயுவுக்குத் தடை வந்தது. 2008 ஆகஸ்டில், ஆஸ்துமா மருந்துக்கான சிறு அளவு நீங்கலாக, இந்தியாவில் அதன் உற்பத்தியே நின்றுபோயிற்று.

பெரியவர் 'போனா வராது' என்றதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? அவர் கடைக்கு வராது என்பது ஒரு பொருள். ஒருமுறை வானத்துக்குப் போன ஆர்-12 ஏறத்தாழ 100 ஆண்டுகள் அங்கேயே நிற்கும் என்பது மற்றொன்று. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் 10,000 மடங்குக்கும் மேல் வலியது. ஒரு கிலோ வெளியேறினால் பத்து டன் கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். நம் நண்பரின் திருப்புளி சில நொடிகளில் எவ்வளவு அனுப்பியதோ!

மிச்சத்தை என்ன செய்வது? "சும்மா தொறந்து உட்டுட்டு வேற கேஸ் போட்டா அரை மணில வேலை முடியும். நான் உடமாட்டேன்" என்றார் பெரியவர். அவரிடம் வாயுவை உறிஞ்சி மீட்கும் இயந்திரம் இல்லை. காசிமேட்டு மீன் வண்டிக்கு வந்த பனிக்கட்டியில் ஒரு கூடை வாங்கினார். காற்று முழுவதும் நீக்கிய காலி உருளையைப் பனிக்கட்டிக்குள் புதைத்து, காரின் குழாயோடு இணைத்தார். வெயிலில் நின்ற காரில் அழுத்தம் அதிகம். பனிக்கட்டியில் கிடந்த உருளையில் குறைவு. கண்டென்சரின்மேல் வெந்நீரை ஊற்ற ஊற்ற, வாயு தானாகவே உருளைக்குள் போய்ச் சேர்ந்தது. முழுவதும் வரவில்லை, பெரும்பகுதி வந்தது. தராசில் 600 கிராமுக்குச் சற்று மேல். டியூடரின் பனிக்கட்டி, மிட்ஜ்லியின் வாயுவைக் காப்பாற்றிய காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வண்டிக்கு அது போதாது; 900 கிராம் வேண்டும். புதிய ஆர்-12 கிடையாது. ஆகவே ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. இதில் ஓசோனைத் தின்னும் குளோரின் இல்லை. ஆனால் வாயுவை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவோடு கலக்காது. எண்ணெய் குழாயிலேயே தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். ஆகவே எண்ணெயை வடித்துவிட்டு எஸ்டர் வகை எண்ணெய் ஊற்றினார். ரப்பர் வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவியபோது, கம்ப்ரஸரின் தண்டு முத்திரையில் குமிழி எழுந்தது. பல ஆண்டுகளாக இழந்துவந்த இடம் அதுதான்! முத்திரையை மாற்றிய பிறகு வெற்றிடப் பம்பை முக்கால் மணி ஓட்டி, நிறுத்தி, அரைமணி காத்திருந்தார். முள் அசையவில்லை.

"கண்ணாடில குமிழி நின்னா கேஸ் போதும்னு பழைய கேஸுக்குப் பார்ப்போம். இதுக்கு அது பொய் சொல்லும். தராசு பொய் சொல்லாது" என்று சொல்லி, உருளையைத் தராசில் நிமிர்த்தி வைத்து, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, தாழ்வழுத்தக் குழாய் வழியே ஆவியாக மட்டும் ஏற்றினார். பழைய அளவில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக, 750 கிராமில் நிறுத்தினார். சிவப்பு முள் ஏறிக்கொண்டே போனபோது கண்டென்சருக்கு முன் ஒரு மின்விசிறியைப் பொருத்தினார். முள் இறங்கியது. காற்றுத் துளையில் செருகிய வெப்பமானி 9 பாகையில் நின்றது.

இதுவும் முடிவான விடையன்று. ஆர்-134ஏ ஓசோனுக்குக் கேடில்லை என்றாலும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் 1,300 மடங்கு. அதனைக் குறைக்க 2016ல் கிகாலியில் ஏற்பட்ட திருத்தத்தை இந்தியா 2021ல் ஏற்றுக்கொண்டது. 2028லிருந்து நம் நாட்டில் அதற்கும் வரம்பு.

மாலையில் சாலையோரம் நின்றபோது ஒன்று கவனித்தோம். துறைமுகம் நோக்கிக் குளிர்பதனப் பெட்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. உள்ளே மீனோ இறாலோ, உறைந்து கிடக்கும். முன்னே ஓட்டுநர், சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபடி. பனிக்கட்டிக் கப்பல் காலத்திலிருந்து இந்நகரில் குளிர் முதலில் செல்வரின் கோப்பைக்கு வந்தது, பிறகு சரக்குக்கு, பிறகு காரின் பின்னிருக்கைக்கு. லாரி ஓட்டுநரின் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி, புதிய வண்டிகளுக்கு மட்டும், 2025 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய லாரிகளுக்கு இந்தப் பெரியவர் போன்றோரே கதி. அவர்களும் சரியாகச் செய்தால்தான் வானம் தப்பும்.

மீட்ட ஆர்-12 என்னவாகும் என்று கேட்டோம். "செங்குன்றத்துல ஒரு வண்டி மூணு மாசமா இதுக்குத்தான் காத்துக்கினு இருக்கு. லீக்க அடைச்சுட்டுத்தான் போடுவேன்" என்றார்.

கிளம்புமுன் ஒரு சிறு தகரத்துண்டில் ஆணியால் கீறி, எஞ்சின் மூடியின் உட்புறம் அறைந்தார்: ஆர்-134ஏ, 750 கிராம், எஸ்டர் எண்ணெய், தேதி. அடுத்து யார் திறந்தாலும் தவறான எண்ணெயை ஊற்றிவிடக் கூடாதாம். காலையில் திருவொற்றியூரில், எந்த நிலத்தில் எவ்வளவு, எந்தக் கோயிலுக்கு, எந்த ஆட்சியாண்டில் என்று கல்லில் கண்டவர்கள் நாம். பொருளும் அளவும் நாளும் இதிலும் இருந்தன. அதையும் படியெடுத்துக்கொண்டோம்.