சட்டைப் பையில் அடங்கிய வாய்பாடு

கல்லூரிகள் திறக்கும் காலம் நெருங்கினால், தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு கேள்வி எழும். பையனுக்கோ பெண்ணுக்கோ எந்தக் கால்குலேட்டரை வாங்கிக் கொடுப்பது? கடைக்காரர் ஐந்தாறு வகைகளை மேசைமீது பரப்பிவைப்பார். ஒன்றின் பெட்டியில் இருநூற்று நாற்பது பணிகள் செய்யும் என்றிருக்கும். மற்றொன்றில் நானூறு என்றிருக்கும். கோயம்புத்தூரில் படித்த மாமன் மகன் ஒன்றைச் சொல்லியிருப்பான். அடுத்த வீட்டு வங்காளி மாணவன் வேறொன்றைச் சொல்லுவான். இக்கேள்விக்கு விடை தேடுமுன், இக்கருவி நம் கைக்கு வந்த வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

ஸ்காட்லாந்து நாட்டில், எடின்பரோ நகரையடுத்த மெர்கிஸ்டன் கோட்டையில் வாழ்ந்த ஜான் நேப்பியர் என்ற பிரபு, 1614ஆம் ஆண்டு மடக்கை என்னும் அரிய சாதனத்தை உலகுக்கு அளித்தார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிவிடும் உபாயம் அது. லண்டனில் கணிதப் பேராசிரியராயிருந்த ஹென்றி பிரிக்ஸ் அதைப் படித்து வியந்து, மறு ஆண்டே நெடும்பயணம் செய்து நேப்பியரைக் காணச் சென்றார். இருவரும் ஒருவரையொருவர் நோக்கியபடி கால் மணி நேரம் பேச்சற்று நின்றனர் என்று ஒரு செய்தி உண்டு. அவ்வளவு மரியாதை! பத்தை அடியாகக் கொண்ட மடக்கைகளை பிரிக்ஸ் கணித்து, 1624இல் பதினான்கு தசம இடங்கள் வரை அச்சிட்டு வெளியிட்டார். நம்மில் மூத்தவர்கள் கல்லூரியில் கையாண்ட கிளார்க் அட்டவணை என்ற மெல்லிய புத்தகம் அந்த மரபில் வந்ததுதான்.

அட்டவணையைப் புரட்டும் சிரமத்தையும் நீக்க எண்ணினர் சிலர். எட்மண்ட் கன்டர் என்பவர் 1620இல் மடக்கை அளவுகளை ஒரு கோலின்மேல் பொறித்தார். வில்லியம் ஆட்ரெட் என்ற பாதிரியார் அத்தகைய இரு அளவுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்து நகர்த்தினார். ஸ்லைட் ரூல் பிறந்தது. அதன் பின் முந்நூற்றைம்பது ஆண்டுகள், பாலம் கட்டியவரும் கப்பல் கட்டியவரும் அந்தக் கோலை நம்பியே வேலை செய்தனர்.

ஸ்லைட் ரூலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 2.37ஐ 41.6ஆல் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோல் 986 என்ற இலக்கங்களை மட்டுமே காட்டும். விடை 9.86ஆ, 98.6ஆ, 986ஆ என்பதை அது சொல்லாது. அதனைக் கையாள்பவர், ஏறத்தாழ இரண்டரையை நாற்பதால் பெருக்கினால் நூறு என்று மனத்துக்குள் மதிப்பிட்டு, 98.6 என்று தாமே புள்ளி வைக்க வேண்டும். ஆகவே அக்காலத்துப் பொறியாளர் ஒவ்வொருவருக்கும் விடையின் பருமன் கணக்குப் போடுமுன்பே தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம் கருவி கற்பித்தது அன்று. கருவியின் குறை கற்பித்தது.

இனி நம் காலத்துக் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் ஹியூலெட் பாக்கார்டு நிறுவனம் 1968இல் மேசைமேல் வைக்கும் கணிப்பான் ஒன்றைச் செய்தது. சைன், கொசைன், மடக்கை யாவும் அது போடும். ஆனால் அதைத் தூக்கிச் செல்வது தட்டச்சுப் பொறியைத் தூக்கிச் செல்வது போன்றது. நிறுவனர்களுள் ஒருவரான பில் ஹியூலெட், இது என் சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்றார். சந்தையை ஆராய்ந்தவர்கள், இவ்வளவு விலைக்கு இதை யாரும் வாங்கமாட்டார்கள் என்றனர். அவர் கேட்கவில்லை. 1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் எச்.பி. 35 வெளிவந்தது. முப்பத்தைந்து பொத்தான்கள் இருந்தமையால் அந்தப் பெயர். விலை 395 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 3,000 ரூபாய். நம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம். இருப்பினும் முதலாண்டிலேயே ஓரிலட்சம் விற்றது.

அத்துணைச் சிறிய பெட்டி சைன் மதிப்பை எவ்வாறு கண்டது? ஜாக் வோல்டர் என்பவர் விமானம் வழி அறிவதற்காக வகுத்து 1959இல் வெளியிட்ட முறை ஒன்று அதற்கு உதவியது. ஒரு கோணத்தை வரவரச் சிறுக்கும் குறித்த சில அடிகளாகத் திருப்பித் திருப்பி அணுகுவது அம்முறை. கூட்டல், கழித்தல், இலக்கங்களை இடம் நகர்த்தல், இவற்றோடு முன்பே பொறித்து வைத்த சில மாறிலிகள், இவ்வளவே போதும். பெட்டியைத் திறந்து பார்க்க முடியுமானால், உள்ளேயும் ஒரு குட்டி அட்டவணைதான் இருக்கும். பிரிக்ஸ் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்தப் பெட்டியும் பிழை செய்தது. முதலில் விற்ற கருவிகளில் 2.02 என்ற எண்ணின் இயல் மடக்கையைக் கண்டு, உடனே அதைத் திருப்பினால் 2.02 வருவதற்குப் பதில் 2 என்று வந்தது. அதற்குள் ஏறத்தாழ 25,000 கருவிகள் விற்றிருந்தன. நிறுவனம் மறைக்காமல், வேண்டியவர்களுக்கு மாற்றிக் கொடுக்க முன்வந்தது.

அப்புறம் விலை சரிந்த வேகம் வியப்பானது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1974இல் 170 டாலருக்கு ஒன்று வெளியிட்டது. 1976இல் அதே நிறுவனத்தின் டி.ஐ. 30, 25 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. ஜப்பானின் காசியோவும் 1974இல் கையடக்க விஞ்ஞானக் கணிப்பானுடன் களம் இறங்கியது. ஸ்லைட் ரூல் செய்த தொழிற்சாலைகள் ஓசையின்றி மூடின. இந்தியாவிலும் அவ்வாண்டுகளில் தில்லியில் ஒரு முயற்சி நடந்தது. அங்கு வேலை பார்த்துவந்த நம் தென்பாண்டி நாட்டுக்காரர் சிவ் நாடார், 1975இல் நண்பர்கள் சிலருடன் மைக்ரோகாம்ப் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கணிப்பான்களை விற்றார். அந்த முதலீட்டிலிருந்தே மறு ஆண்டு எச்.சி.எல். எழுந்தது. வெளிமாநிலம் சென்ற தமிழர் கையிலும் இக்கருவி ஒரு வாழ்வைத் தொடங்கி வைத்தது என்பதற்காகச் சொன்னேன்.

என் கதை அவ்வளவு பெருமைக்குரியதன்று. எண்பதுகளில் கிழக்கிந்திய நகரொன்றில் நான் பொறியியல் படித்தேன். என் தந்தையார் ஆலையில் மேற்பார்வையாளர். என் மூன்றாம் ஆண்டில், மிகுதியான நேரம் வேலை செய்து சேர்த்த பணத்தில், நிரல் எழுதி வைக்கக்கூடிய கணிப்பான் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். விலையுயர்ந்தது நல்லதாகத்தானே இருக்கும் என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுவே. தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் அதைப் புரட்டிப் பார்த்தார்; நினைவில் எழுதி வைக்கும் கருவிக்கு அனுமதி இல்லை என்று எடுத்துப் போய்த் தம் மேசையில் வைத்துவிட்டார். கூடத்தில் கிடந்த கிளார்க் அட்டவணையைக் கொண்டே மூன்று மணி நேரமும் எழுதினேன். முதலிரண்டு ஆண்டுகள் அதில் பழகியிருந்தமையால் தேறினேன். ஆனால் அன்று மாலை தந்தையார், கருவி நன்றாக வேலை செய்ததா என்று கேட்டபோது, நன்றாகச் செய்தது என்று பொய் சொன்னேன். இன்றும் அது உறுத்துகிறது.

ஆதலின் கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, பிள்ளை எழுதப்போகும் தேர்வு எது என்பதே. மாநிலம் மாறி வாழும் நமக்கு இது இரட்டிப்பு அவசியம். ஊரில் இருப்பவர் சொல்லும் விதி இங்கே செல்லாது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தாளில் கணிப்பானுக்கு இடமில்லை. வேண்டுமானால் மடக்கை அட்டவணை பார்க்கலாம் என்றே பல்லாண்டுகளாக அச்சிட்டு வந்தனர். ஐ.எஸ்.சி. தேர்வில் காசியோவின் எஃப்.எக்ஸ். 82 எம்.எஸ். என்ற எளிய வகையைக் குறிப்பிட்டே அனுமதித்திருக்கின்றனர். ஜே.இ.இ. மெயின் தேர்வில் எந்தக் கருவியும் கூடாது. கேட் தேர்விலோ திரையில் தோன்றும் கணிப்பானைத்தான் பயன்படுத்த வேண்டும். கையில் கொண்டுபோனது வெளியிலேயே நிற்கும். கல்லூரித் தேர்வுகளில் நிரல் எழுத இயலாத கருவிகளையே பெரும்பாலும் ஏற்பர். சிற்சில பல்கலைக்கழகங்கள் வகையின் பெயரையே விதியில் எழுதிவிடும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு சொல்வேன். இரண்டுடன் மூன்றைக் கூட்டு, நான்கால் பெருக்கு என்று வரிசையாகப் பொத்தான்களைத் தட்டுங்கள். மளிகைக்கடைக் கால்குலேட்டர் 20 என்று காட்டும். விஞ்ஞானக் கணிப்பான், பெருக்கலை முதலில் செய்து 14 என்று காட்டும். அடுத்து, 30இன் சைன் மதிப்பைக் கேளுங்கள். பாகை அளவில் இருந்தால் 0.5, ரேடியன் அளவில் இருந்தால் மைனஸ் 0.988, கிரேடியன் என்ற மூன்றாம் அளவில் இருந்தால் 0.454. கருவி கெட்டுப்போகவில்லை, அளவு மாறிக் கிடக்கிறது. தேர்வின் பரபரப்பில் இதைக் கவனியாமல் மதிப்பெண் இழந்தவர் பலர். திரையின் மூலையில் தெரியும் அந்தச் சிற்றெழுத்தைப் பார்க்கும் பழக்கம், நானூறு பணிகளில் முந்நூற்றைம்பதைவிடப் பயன் தரும்.

பல்கலைக்கழக விதி அனுமதித்தால், பின்னங்களையும் வர்க்க மூலங்களையும் புத்தகத்தில் எழுதுவது போலவே காட்டும் திரையுள்ள வகையை வாங்கலாம். தட்டியதைச் சரிபார்க்க எளிது. சூரிய ஒளியிலும் இயங்குவது இருந்தால் இன்னும் நல்லது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாகவன்றி, பருவம் தொடங்கும்போதே வாங்கிக் கொடுங்கள். விரல்கள் பொத்தான்களின் இடத்தை அறிய மூன்று மாதம் ஆகும். வீட்டில் பழைய கிளார்க் அட்டவணை ஒன்று கிடந்தால் அதைப் பழைய புத்தகக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அருகில் உட்காரவைத்து, 2.37ஐ 41.6ஆல் அதில் பெருக்கிக் காட்டுங்கள். 98.58 என்று வரும்; கணிப்பான் 98.592 என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் அந்த வேற்றுமை ஏன் வந்தது என்று பிள்ளை கேட்கும்.