பாலூட்டும் காலத்தில் மருந்துகளும் வீட்டு இரசாயனங்களும் – மட்டாஞ்சேரி

தாய் உட்கொள்ளும் மருந்தும் வீட்டில் புழங்கும் இரசாயனமும் தாய்ப்பால் வழியாகவோ நேரடியாகவோ குழந்தையைப் பாதிக்காமல் காக்கும் மருத்துவ நெறிகள் பாலூட்டும் காலப் பாதுகாப்பு எனப்படும். கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய வீடுகள், மசாலாக் கிடங்குகள், காயலோரக் கொசு, ஓயாத ஈரப்பதம் ஆகியவை இந்நெறிகளுக்கு உள்ளூர் முக்கியத்துவம் தருகின்றன. மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கூடுதல் கவனம் தேவைப்படுவது சீட்டில்லாமல் வாங்கும் பொருள்களுக்கும் வீட்டு அலமாரிக்கும்தான்.

பாலில் கலக்கும் முறை

மருந்து தாயின் இரத்தத்திலிருந்து பாலுக்குள் கசிகிறது. சிறிய மூலக்கூறுகளும் கொழுப்பில் கரைபவையும் இரத்தப் புரதத்தோடு அதிகம் ஒட்டாதவையும் எளிதில் கலக்கும். ஹெப்பாரின் போன்ற பெரிய மூலக்கூறுகள் கலப்பதில்லை எனலாம். உடல் எடைக் கணக்கில் தாய் எடுக்கும் அளவில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகக் குழந்தைக்குப் போனால் அதைப் பொதுவாக ஏற்கத்தக்கதாகக் கொள்வர். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்து இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும் கல்லீரலும் சிறுநீரகமும் முதிர்ந்திராததால் ஆபத்து அதிகம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2006இல் தொடங்கிய ‘லாக்ட்மெட்’ என்னும் இலவசத் தரவுத்தளத்தை மருத்துவர்கள் இதற்கெனப் பார்க்கின்றனர்.

மருந்துகள்

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் முதல் தேர்வு. அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளையும் பாலூட்டியபடியே எடுக்கலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ வாய்ப்புண்ணோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும் தாயின் பால் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ மாறலாம். அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று.

கோடீன், டிரமடால் வலி மருந்துகளைப் பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. சில தாய்மாரின் உடல் இம்மருந்துகளை மிக வேகமாக வீரியமான வடிவத்துக்கு மாற்றுவதால் குழந்தையின் மூச்சு தளரக்கூடும். தைராய்டு சிகிச்சைக்கான கதிரியக்க அயோடினும் பெரும்பாலான புற்றுநோய் மருந்துகளும் எடுப்போர் பாலூட்டலை நிறுத்த வேண்டும். சளி மாத்திரைகள் சிலவற்றில் உள்ள சூடோஎஃபெட்ரின் குழந்தையைவிடப் பால் சுரப்பையே பாதிக்கும். 2003இல் வெளியான ஆய்வொன்றில் 60 மில்லிகிராம் ஒருவேளை எடுத்ததற்கே சுரப்பு 24 விழுக்காடு குறைந்தது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சுரப்பைக் குறைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் ‘சாயா’ மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பாலூட்டுவோர் எடுக்கலாம்.

யானைக்கால் மருந்து

ஐரோப்பியர் ஒரு காலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே அழைத்த யானைக்கால் நோய் இப்பகுதியின் பழைய துயரம். இதை ஒழிக்க 2004 முதல் நாட்டில் நோய் பரவிய மாவட்டங்களில் நடந்துவரும் கூட்டு மருந்து வழங்கலில் டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகள் தரப்படுகின்றன. இரண்டு வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. பாலூட்டும் தாய்மார் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை.

லேகியமும் முகப்பூச்சும்

பேறுகாலப் பத்தியத்தில் தமிழர் வீடுகளில் பிரசவ லேகியமும் மலையாளி வீடுகளில் தசமூலாரிஷ்டமும் இடம்பெறும். அரிஷ்டத்தில் புளிப்பினால் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருப்பதால் சீசாவில் குறித்த அளவைத் தாண்டக்கூடாது. உலோக பஸ்பம் சேர்ந்த மருந்துகளை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. காரீயம் கலந்த சுர்மாவைக் குழந்தையின் கண்ணில் தீட்டக்கூடாது.

முகம் வெளுக்கத் தடவும் க்ரீம்கள் அண்மைக் கவலை. பாதரசம் கலந்தவற்றைப் பிடிக்கக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ சோதனையைத் தொடங்கியது. இப்பாதரசம் தாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு பாலிலும் கலக்கும். தாயின் கன்னத்தைத் தொட்டு விரலைச் சப்பும் குழந்தைக்கு நேரடியாகவும் போய்ச்சேரும். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை வாங்காதிருப்பதே பாதுகாப்பு.

வீட்டு இரசாயனங்கள்

ஈரத்தில் துணி பூஞ்சணம் பிடிக்கும் ஊரில் பீரோவுக்குள் அந்துருண்டை போடுவது வழக்கம். உருண்டையிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கும். அதன் வாசம் ஏறிய துணியைப் போர்த்துவதே போதும். எண்ணெய் தேய்த்த தோலில் அது இன்னும் எளிதாக ஊறக்கூடும். குழந்தைத் துணியோடு அந்துருண்டை வைக்கவே கூடாது. வைத்திருந்த துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே உடுத்த வேண்டும்.

பிளீச்சிங் பவுடர், பினாயில், கழிவறை ஆசிட் ஆகியவற்றைக் கையாளுவதால் பால் கெடாது. ஆனால் பிளீச்சையும் ஆசிடையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். மண்ணெண்ணெயையோ ஆசிடையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதுதான் தவழும் குழந்தைக்கு வரும் பெரும் ஆபத்து. மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்துவதைவிடக் கொசுவலை மேல். கிடங்குகளில் வண்டுக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் நச்சுவாயுவை வெளியிடும். அதை வீட்டு அரிசிப் பானைக்குக் கொண்டுவரக்கூடாது.

புகையும் மாசும்

2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ கொச்சியை ஏறத்தாழ இரண்டு வாரம் புகையில் ஆழ்த்தியது. பிளாஸ்டிக் எரிகையில் உண்டாகும் டையாக்சினும், கொச்சியை அடுத்த ஏலூரில் நெடுங்காலம் தயாரிக்கப்பட்ட டிடிடியும் உடற்கொழுப்பில் தங்கிப் பாலில் வெளிப்படும் வகையைச் சேர்ந்தவை. அப்படியிருந்தும் தாய்ப்பாலின் நன்மை இந்த ஆபத்தைவிடப் பெரிது என்பதால் பாலூட்டலைத் தொடரவே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆலோசனை

மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் “பால் கொடுக்கிறேன்” என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நாளுக்கு ஒருவேளை மட்டும் எடுக்கும் மருந்தைப் பாலூட்டிய உடனே, குழந்தை நெடுநேரம் தூங்கும் முன் எடுப்பது நல்லது. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கேரள அரசின் ‘திசா’ உதவி எண் 1056. புது தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரசாயனத்தை விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. விழுங்கிய பொருளின் பாட்டிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.