சக்கரம் போன பாதை – 14: நாமக்கல்லைவிடச் சின்ன நாடு

சென்ற வாரம் வாடகை சைக்கிள் கடைகளோடு நிறுத்தியிருந்தோம். மணிக்கணக்கு நோட்டையும் காற்றடிக்கும் பம்பையும் கடைக்காரரிடமே விட்டுவிட்டு, இந்த வாரம் கொஞ்சம் தொலைவு போய்த் திரும்புவோம்.

பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் இடையில் லக்சம்பர்க் என்றொரு நாடு இருக்கிறது. மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர். நம் நாமக்கல் மாவட்டம் 3,300-ஐத் தாண்டும். தெற்கு வடக்காக அந்த நாட்டின் நீளம் 82 கிலோமீட்டர். சேலத்தில் பஸ் ஏறியவர் கரூரில் இறங்குவதற்குள் நாடு முடிந்துவிடும். மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் குறைவு. சேலம் மாநகராட்சிக்குள் மட்டும் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம்.

அந்த நாட்டில் 1935-இல் தொடங்கிய பல நாள் சைக்கிள் பந்தயம் ஒன்று இன்றும் நடக்கிறது. பெயர் டூர் டி லக்சம்பர்க். முதல் ஆண்டில் வென்றவர் உள்ளூர்க்காரர், மத்தியாஸ் கிளெமன்ஸ். அடுத்து 1936, 1937, 1939 ஆண்டுகளிலும், போர் முடிந்தபின் 1947-லும் அவரே வென்றார். ஐந்து வெற்றி என்ற அவருடைய கணக்கை இதுவரை யாரும் தாண்டவில்லை. இப்போது செப்டம்பர் மாதத்தில் ஐந்து நாள் நடக்கிறது. சம்பளத்துக்கு ஓட்டும் தொழில்முறை அணிகள் உலகெங்குமிருந்து வருகின்றன.

இந்த வகைப் பந்தயத்தின் கணக்கு நம் ஊர்ப் பந்தயங்களைப் போல எளிதல்ல. ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். அன்றன்று முதலில் வருபவருக்கு அன்றைய வெற்றி. ஆனால் கோப்பை, எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு. அதனால் ஒரு நாள்கூட முதலில் வராதவர் பந்தயத்தையே வெல்லலாம். 1990-இல் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் டூர் டி பிரான்சை அப்படித்தான் வென்றார். இதில் அணியாக ஓட்டுவதற்குக் காரணம் காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு நிறைய வேலை மிச்சம். பைபாஸில் சுமை லாரிக்குப் பின்னால் ஒட்டி சைக்கிள் மிதித்த நாமக்கல் பையன்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (செய்யாதீர்கள். லாரி எப்போது பிரேக் போடும் என்று சைக்கிளுக்குத் தெரியாது.) தலைவர் ஒருவர் வெல்வதற்காக மற்ற வீரர்கள் நாள் முழுக்க அவருக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு மிதிப்பார்கள். அவர்கள் பெயர் பேப்பரில் வராது.

நாட்டைச் சுற்றும் பல நாள் சாலைப் பந்தயம் என்ற யோசனை பிறந்த இடம் ஒரு பத்திரிகை அலுவலகம். 1890-களின் கடைசியில் பிரான்சு டிரைஃபஸ் வழக்கால் இரண்டுபட்டுக் கிடந்தது. யூத ராணுவ அதிகாரி ஒருவர்மேல் பொய்யாகச் சுமத்திய தேசத்துரோக வழக்கு அது. ‘ல வேலோ’ என்ற விளையாட்டு நாளிதழின் ஆசிரியர் பியர் ஜிஃபார், டிரைஃபஸ் பக்கம் நின்றார். அவருக்கு விளம்பரம் கொடுத்துவந்த கார், சைக்கிள் முதலாளிகள் சிலர் எதிர்ப்பக்கம். கோபித்துக்கொண்டு 1900-இல் போட்டிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, பழைய சைக்கிள் வீரர் ஆன்றி டெக்ராஞை ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பத்திரிகை ஓடவில்லை. 1902 நவம்பரில், என்ன செய்து விற்பது என்ற பேச்சில், ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர் பிரான்சையே சுற்றிவரும் பந்தயம் வைப்போம் என்றார். அதுதான் டூர் டி பிரான்சு. 1903 ஜூலையில் 60 பேர் கிளம்பினார்கள். ஆறே கட்டம், 2,400 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியெல்லாம் மிதித்தாக வேண்டும். சிறுவயதில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்த மோரிஸ் கரேன் வென்றார். 25,000 பிரதி விற்ற பத்திரிகை 65,000-ஐத் தொட்டது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. 1919 முதல் முன்னணி வீரருக்குக் கொடுக்கும் சட்டையும் அதனால் மஞ்சளானது. இத்தாலியின் பந்தயத்தையும் (1909) ஸ்பெயினின் பந்தயத்தையும் (1935) தொடங்கியவையும் பத்திரிகைகளே.

இந்தப் பெரிய நாடுகளின் பந்தயங்களில் சின்ன லக்சம்பர்க் வைத்த முத்திரைதான் ஆச்சரியம். டூர் டி பிரான்சை வென்ற முதல் வெளிநாட்டவர் லக்சம்பர்க் குடியுரிமை கொண்ட பிரான்சுவா ஃபாபர். 1909-இல் தொடர்ந்து ஐந்து கட்டங்களை வென்றார். தொண்ணூறு கிலோவை நெருங்கிய ஆள். முதல் உலகப்போரில் பிரான்சின் அந்நியர் படையில் சேர்ந்து 1915 மே மாதம் களத்தில் இறந்துபோனார்.

அடுத்தவர் நிக்கோலா ஃபிரான்ட்ஸ். 1927-இல் வென்றவர், 1928-இல் முதல் நாள் போட்ட மஞ்சள் சட்டையைக் கடைசி நாள்வரை கழற்றவே இல்லை. அந்த ஆண்டில், பந்தயம் முடியச் சில நாள்களே இருக்கும்போது, ரயில்வே கேட் ஒன்றைத் தாண்டுகையில் அவருடைய சைக்கிளின் ஃபிரேம் முறிந்தது. அன்றைய ஓட்டத்தில் இன்னும் 100 கிலோமீட்டர் பாக்கி. கைக்குக் கிடைத்தது ஒரு லேடீஸ் சைக்கிள், அதுவும் அவர் உயரத்துக்குச் சின்னது. அதிலேயே ஏறி மிதித்தார். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னணியில் இருந்ததால் பந்தயம் அவர் கையைவிட்டுப் போகவில்லை. அக்காவின் பள்ளிக்கூட சைக்கிளை ஓட்டக் கூச்சப்படும் தம்பிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

மூன்றாமவர் சார்லி கோல். எனக்கு இவர்மேல் தனிப் பிரியம். இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஒல்லியான தேகம், மலையேற்றத்தில் அவருக்கு இணை இல்லை. வெயில் என்றால் சுருண்டுவிடுவார். மழையும் குளிரும் வந்தால் அவருக்குத் திருவிழா. 1956 ஜூன் 8, இத்தாலியின் மோன்டே போன்டோனே மலை. கோடைக்காலத்தில் பனி கொட்டியது. கை விறைத்து, பிரேக் பிடிக்க முடியாமல், 40-க்கும் மேற்பட்ட வீரர்கள் வழியிலேயே பந்தயத்தை விட்டார்கள். காலையில் முதலிடத்துக்கு 16 நிமிடம் பின்தங்கியிருந்த கோல், அரைக்கைச் சட்டையோடு தனியாக உச்சிக்கு வந்தார். சைக்கிளைவிட்டு இறங்கத் தெம்பில்லாத அவரைத் தூக்கிப்போய்ச் சுடுநீரில் கிடத்தினார்கள். அந்த ஒரே நாளில் முதலிடம் அவருடையதாகி, இத்தாலிப் பந்தயத்தை வென்றார். 1958-இல் டூர் டி பிரான்சு. சொந்த நாட்டுப் பந்தயத்தை மூன்று முறை வென்றார். ஓய்வுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் காட்டுக்குள் ஒரு குடிசையில் தனியாக வாழ்ந்தார். சேலத்துச் சித்திரை வெயிலில் அவர் பத்துக் கிலோமீட்டர் தாங்கியிருப்பாரா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

டூர் டி பிரான்சை வென்ற நான்காவது லக்சம்பர்க்காரர் ஆன்டி ஷ்லெக்கின் வெற்றி வேறு விதம். 2010-இல் இரண்டாவதாக வந்தவருக்கு, முதலில் வந்த கான்டடோர் ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டம் இழந்ததால், 2012-இல் தீர்ப்பின் வழி பட்டம் கைக்கு வந்தது.

இனி நம் பக்கம் வருவோம். சேலம், நாமக்கல் சமவெளியில் சைக்கிள் உழைப்பாளியின் வண்டி. நெசவாளரின் பாவும் நூலும், பால்கேனும், முட்டை அட்டையும் அதன் கேரியரில்தான் போயின. ஆனால் பல நாள் சைக்கிள் ஓட்டம் என்பது நமக்குப் புதிதில்லை. ஐம்பது வயது தாண்டியவர்களைக் கேளுங்கள். ஊர்ப் பொட்டலில் ஒரு கம்பத்தை நட்டு, குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டி, ஒரு மனிதர் ஏழு நாளோ பத்து நாளோ கால் தரையில் படாமல் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார். சாப்பாடு சைக்கிளில். குளியல் சைக்கிளில், ஓடுகிற வண்டிமேல் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். சாயங்காலமானால் வித்தைகள்: தரையில் கிடக்கும் கைக்குட்டையை வாயால் கவ்வுவது, மார்பில் குழல்விளக்கை உடைப்பது. நடுவில் ரெக்கார்டு டான்ஸ். கடைசி நாள் சட்டை முழுக்க ரூபாய் நோட்டுக் குத்தி, மாலை போட்டு இறக்குவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் பார்க்காதபோது அவர் இறங்கித் தூங்குகிறாரா என்று காவல் காத்த பையன்களின் கூட்டம் ஊருக்கு ஊர் இருந்தது.

ஐரோப்பியர் இதைப் படித்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1878-இல் லண்டன் இஸ்லிங்டனில் டேவிட் ஸ்டான்டன் என்பவர் ஆறு நாளில் 1,000 மைல் மிதிப்பதாகப் பந்தயம் கட்டி, கூரைக்கடியில் சுற்றிச் சுற்றி வந்து வென்றார். அதிலிருந்து ஆறு நாள் பந்தயம் என்றே ஒரு விளையாட்டு உருவானது. ஞாயிறன்று விளையாட்டு கூடாது என்பதால் ஆறு நாள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தூக்கமில்லாமல் மிதித்த வீரர்கள் புத்தி தடுமாறி விழுவதைக் கண்டு, ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. நடத்துகிறவர்கள் சளைக்கவில்லை, இருவராக மாற்றி மாற்றி ஓட்டவிட்டார்கள். அந்த ஜோடி ஓட்டம் மேடிசன் என்ற பெயரில் இன்று ஒலிம்பிக் போட்டி. நம் பொட்டல்களில் சுற்றிய மனிதருக்கு அப்படி ஒரு சட்டமும் வரவில்லை, பதக்கமும் வரவில்லை. தொலைக்காட்சி வந்ததும் அவர் தொழில் மெல்ல முடிந்தது.

நம்மிடம் இப்போது முறையாக நடக்கும் சாலைப் பந்தயம் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டிதான். செப்டம்பர் 15-ஐ ஒட்டி மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண்பிள்ளைகளுக்கு 10. அதற்கு மேல் 15, 17 வயதுப் பிரிவுகளில் 20-ம் 15-ம். முதல் பரிசு 5,000 ரூபாய். சைக்கிளுக்கு ஒரு விதி உண்டு: இந்தியாவில் தயாரானதாக, சாதாரண ஹேண்டில்பார் உள்ளதாக இருக்க வேண்டும். வளைந்த ரேஸ் ஹேண்டிலுக்கு அனுமதி இல்லை.

பணக்கார வீட்டுப் பிள்ளையும் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் வரும் பிள்ளையும் ஒரே தரத்தில் நிற்கட்டும் என்பது நல்ல எண்ணம். விசித்திரம் என்னவென்றால் டெக்ராஞும் இதே பிடிவாதக்காரர். டூர் டி பிரான்சில் 1937 வரை கியர் மாற்றும் கருவியை அவர்கள் அனுமதிக்கவில்லை. 1930-இல் சைக்கிள் கம்பெனிகளின் ஆதிக்கம் பொறுக்காமல், அத்தனை வீரர்களுக்கும் பெயர் எழுதாத ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிளைப் பத்திரிகையே வாங்கிக் கொடுத்தது. அந்தச் செலவை ஈடுகட்டத்தான் வீரர்களுக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலத்தை விட்டார்கள். சமத்துவத்துக்கு யாரோ ஒருவர் பில் கட்ட வேண்டும் என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார். நாம் அண்ணா போட்டியை ஒரு காலைப் பொழுதோடு முடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை 18 வயதில் எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்கு மாவட்டத்தில் பதில் இல்லை.

மலை இல்லை என்று சொல்ல முடியாது. லக்சம்பர்க்கின் உச்சமே 560 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி நிற்கிறது, 20 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவு. ஞாயிறு விடியலில் ஹெல்மெட் போட்ட இளைஞர்கள் அதில் ஏறுவதை அந்தப் பக்கத்து டீக்கடைக்காரர்கள் அறிவார்கள். மும்பை–புனே பந்தயம் 1945 முதல் மலைத்தொடரைத் தாண்டிப் போகிறது. சேலத்தில் கிளம்பி ராசிபுரம் வழியாக ஒரு நாள், சங்ககிரி, திருச்செங்கோடு சுற்றி ஒரு நாள், கொல்லிமலை உச்சியில் முடியும்படி ஒரு நாள் என்று மூன்று நாள் பந்தயம் வைக்க இந்த இரு மாவட்டச் சாலைகள் தாராளமாகப் போதும். நான்குவழிச் சாலையைத் தொடவே வேண்டாம். பாடி கட்டும் பட்டறைகளும் ரிக் வண்டிக் கம்பெனிகளும் கோழிப்பண்ணைகளும் உள்ள பகுதியில் பணம் இல்லை என்பதும் நம்பும்படி இல்லை. காலை நான்கு மணி நேரம் கிராமச் சாலையை மூடித்தர நிர்வாகம் ஒப்புக்கொள்வதே முதல் படி. அதை இதுவரை யாரும் கேட்டு வாங்கவில்லை.

பொட்டலில் பல நாள் சைக்கிள் சுற்றியவர்களின் நோட்டீசோ புகைப்படமோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அலுவலக முகவரிக்கு நகல் அனுப்புங்கள். ஊரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் குறிப்பிட்டால் இத்தொடரில் அவர்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்குகிறேன். அடுத்த வாரம், சைக்கிளுக்கு ஊராட்சியில் வரி கட்டி வில்லை மாட்டிய காலம்.