தற்காப்பு
தற்காப்பு (பெ.): தன் + காப்பு, வல்லினம் வரும்போது னகரம் றகரமாகும். ‘கா’ என்ற வினையடியிலிருந்து பிறந்தது காப்பு. தற்காத்தல் என்னும் வழக்கு திருக்குறளிலேயே உண்டு.

சட்ட வழக்கில், தன் உடலையோ உடைமையையோ பிறர் உடலையோ உடைமையையோ தாக்குதலிலிருந்து காக்கும் உரிமை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது.

ஆயுதம் கண்ணில் பட்டதே தாக்குதல் ஆகாது. ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் நிற்கும் காவலாளியைத் தாக்கிவிட்டுத் தற்காப்பு என்று வாதிட முடியாது. துப்பாக்கியை நீட்டி மிரட்டினால் நிலை வேறு: உயிரிழப்போ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் எழுந்தால், எதிராளியின் உயிர்போகும் அளவுக்கும் உரிமை நீளும். அச்சம் நீங்கியதும் உரிமையும் முடியும். தேவைக்கு மேற்பட்ட தீங்குக்கும் காவல்துறையை நாட அவகாசம் இருக்கும் இடத்துக்கும் இவ்வுரிமை பொருந்தாது.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், தற்காப்புக்கென உரிமம் பெற்றவரும் பொது இடத்தில் துப்பாக்கியை உறையிட்டே எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. அதைச் சுழற்றிக் காட்டுவதையும் தடுக்கின்றன.