திருத்தணி முருகன் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம்: முதலில் ஏன் இரண்டே கோயில்கள்?

திருத்தணி மலைக்கு இப்போ காலையில் போனாலும் சாயங்காலம் போனாலும் சாப்பாடு உண்டு. 2021 செப்டம்பர் 16-க்கு முன்பு மதியம் ஒரு வேளைதான். ஆந்திராவிலிருந்து பஸ் பிடித்து வந்து, 365 படி ஏறி, லேட்டாகச் சேர்ந்தவருக்குப் பந்தி முடிந்திருக்கும்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. அறநிலையத் துறையின் மதிய அன்னதானத் திட்டம் 2002-ல் தொடங்கியது. நாள் முழுக்க என்று மாற்றியது 2012-ல், ஸ்ரீரங்கம், பழனி ஆகிய இரண்டே கோயில்களில். ஒன்பது வருஷம் கழித்துத்தான் திருத்தணி, திருச்செந்தூர், சமயபுரம்.

ஏன் இப்படி?

ஒரு வேளைச் சமையல் வேறு, நாள் முழுக்க அடுப்பு எரிவது வேறு. சமையல்காரர்களுக்கு ஷிப்ட் போடணும். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற கூட்டத்தையும் சாதாரண செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தையும் ஒரே கணக்கில் பார்க்க முடியாது. குறைத்துச் சமைத்தால் பசி, கூட்டிச் சமைத்தால் வீண். இதெல்லாம் ஃபைலில் தெரியாது, சமைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு கோயிலில் தப்பு நடந்தால் அங்கேயே திருத்திக்கலாம். பழனியும் மலைக்கோயில் என்பதால் அங்கே கிடைத்த அனுபவம் திருத்தணிக்குப் பொருந்தும். ஆனாலும் ஒன்பது வருஷம் ரொம்ப அதிகம்.

காலை உணவுத் திட்டம்

இதில் வேகம் அதிகம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியபோது 1,545 அரசுப் பள்ளிகள் மட்டும். வசதியான ஊர்களாகப் பொறுக்கி எடுக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம்: மாநகராட்சி 417, நகராட்சி 163, கிராமம் 728, மலை மற்றும் தொலைதூரப் பகுதிகள் 237. லேசான இடத்தில் மட்டும் சோதித்தால் ரிசல்ட்டும் லேசாகத்தான் வரும்.

பிள்ளைகளின் வருகை கூடியதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. 2023 ஆகஸ்ட் 25-ல் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

ஒரு விஷயம்: 'முதற்கட்டம்' என்று பெயர் வைத்ததெல்லாம் சோதனை ஆகிவிடாது. சரிவரலைன்னா மாத்திக்க, தேவைப்பட்டால் நிறுத்த இடம் இருக்கணும். அது இல்லையென்றால் வெறும் திறப்பு விழாதான்.

அடுத்து, கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கான விரிவாக்கம் திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கீழச்சேரியில் 2024 ஜூலை 15-ல் தொடங்கியது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளின் முறை வந்தது 2025 ஆகஸ்ட் 26-ல்.